வலி மாத்திரைக்கு மாற்று கஞ்சாவா?

வந்தவாசியில் கோரைப்பாய் நெய்பவருக்கும், ஆரணியில் குழித்தறியில் இறங்கிப் பட்டு நெய்பவருக்கும் இடுப்பு வலி பொதுச் சொத்து. டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதனால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தறியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை இப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் குடல் புண்ணாகலாம், சிறுநீரகம் கெடலாம்.

இந்த மாத்திரைகளுக்குப் பதில் கஞ்சாவையே மருந்தாக்கலாமே என்ற பேச்சு உலகெங்கும் இருக்கிறது. நம் நாட்டுக்கு அது புதிதல்ல. 1839-லேயே கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர் வாத நோயாளிகளுக்குக் கஞ்சாப் பிசினைக் கொடுத்து, கண்டதை எழுதிவைத்தார். சித்த மருத்துவத்திலும் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு.

சட்டமும் வழியை முழுக்க அடைத்துவிடவில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடை செய்தாலும், மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அரசு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, ஆதரித்து வாக்களித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் பலன்?

2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் அபின் வகை வலிமருந்துச் சாவுகள் சுமார் 25 சதவீதம் குறைவு என்றது. உலகமே அதை மேற்கோள் காட்டியது. அதே கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்த வேறொரு குழு 2019-இல் சொன்னது: சாவுகள் சுமார் 23 சதவீதம் அதிகம்! மாநிலங்களை ஒப்பிடும் புள்ளிவிவரத்தை நம்பி ஒரு நோயாளிக்கு மருந்து எழுத முடியாது என்பது இதில் தெளிவாகிறது. நாள்பட்ட வலிக்கு ஓரளவு பலன் இருப்பதாக 2017-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை ஒப்புக்கொண்டது. 2021-இல் உலக வலி ஆய்வுச் சங்கமோ, பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றுவிட்டது.

ஆபத்தும் உண்டு. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கஞ்சா எண்ணெயைத் தொட்டால், அந்த மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம்.

ஆகவே, யாரோ சொன்னார்கள் என்று டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடையில் நீங்களாக வாங்கியும் விழுங்காதீர்கள். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; உரிமம் தரச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. நெசவாளரின் இடுப்பு வலியை எடுத்துக்கொண்டு முறையான மருத்துவச் சோதனை ஒன்றை அரசு அங்கே தொடங்க வேண்டும்.