யார் எடுத்த படம், யாருக்குச் சொந்தம்?

இப்போதெல்லாம் வீட்டுக்கு நாலு காமிரா. செல்போன் இருக்கிற கையெல்லாம் காமிராதானே! மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கினாலும் படம், குழந்தைக்கு முதல் பல் முளைத்தாலும் படம். சகோதரிகளே, இப்படி நாம் இஷ்டத்துக்குப் படம் எடுக்கலாமா? நம்மைக் கேட்காமல் அடுத்தவர் எடுக்கலாமா? எங்கள் தெருவில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். சைதாப்பேட்டை கோர்ட்டில் தொழில். அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

தெருவில், கடற்கரையில் நின்று கைக் காமிராவில் படம் எடுக்க யாரிடமும் பர்மிட் வாங்க வேண்டியதில்லை. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் லைட்டும் ஆட்களுமாக வந்து எடுப்பதற்குத்தான் அந்தந்த இடத்துக்கு உரியவர்களின் அனுமதியும் கட்டணமும். மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடங்களிலும் அப்படியே. கையில் பிடித்து எடுத்தால் ஒன்றுமில்லை. மூன்று கால் ஸ்டாண்டை விரித்தால் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். பரங்கிமலைப் பக்கம் ராணுவ மதில் சுவரில் "படம் எடுக்காதே" என்று எழுதியிருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதற்கு 1923-லேயே வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது, இன்னும் உயிரோடு!

கோயில் விஷயம் உங்களுக்கே தெரியும். திருச்செந்தூர் கோயிலில் செல்போனைத் தடுக்கச் சொல்லி ஒருவர் வழக்குப் போட, மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் செல்போனைத் தடை செய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. எனக்கு இதில் பரம சந்தோஷம். சாமியைக் கண்ணால் பார்க்காமல் போனில் பார்த்துக்கொண்டு முன்னால் நிற்கிறவர்களால் பின்னால் நிற்கிற நமக்கல்லவா தரிசனம் போச்சு!

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ரயில் தண்டவாளம். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் எப்படிப் பறந்து வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தில் இறங்கி செல்ஃபி எடுத்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். உயிர் போனால் எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

இன்னொன்று. கடையிலோ காம்ப்ளெக்ஸிலோ வாட்ச்மேன் "படம் எடுக்காதீங்க, வெளியே போங்க" என்று சொல்லலாம். அது அவர்கள் இடம். ஆனால் உங்கள் போனைப் பிடுங்கி, உள்ளே இருக்கிற படங்களைப் பார்த்து அழிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மருமகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். படம் எடுக்க ஒரு ஸ்டூடியோவை ஏற்பாடு செய்து பணத்தையும் பாக்கியில்லாமல் கொடுத்தாச்சு. ஆல்பம் வந்தது, அழகாகவே இருந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பெண் சந்தனம் பூசிய கன்னமும் இரண்டு கை நிறைய வளையலுமாக, ஸ்டூடியோவுக்கு மேலே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு ஃபிளெக்ஸ் பேனரில் நிற்கிறாள்! பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறான். அக்கா, "வயிற்றுப் பிள்ளைக்காரி, கண் பட்டுடுமே!" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். திருஷ்டியை நம்புகிறவர் நம்பட்டும்; எனக்கு அதைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் வேதனையாக இருந்தது. டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்தார். அவளோ, "எல்லாரும் என் வயிற்றையே பார்க்கிற மாதிரி இருக்கு சித்தி" என்று வாசற்படி தாண்டவில்லை.

என்னவரும் அக்கா பிள்ளையும் போய்க் கேட்டார்கள். "எடுத்தது நான், படம் எனக்குத்தானே சார் சொந்தம்? ஃப்ரீயா பப்ளிசிட்டிதானே குடுத்திருக்கேன்" என்று பதில் வந்தது.

வக்கீலம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் காசு கொடுத்து, தமக்காக எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் சொந்தக்காரர். கல்யாணப் படம், வளைகாப்புப் படம், குழந்தையின் முதல் வருஷப் படம் எல்லாவற்றுக்கும் இதுதான். "வேறு ஒப்பந்தம்" என்பதைக் கவனியுங்கள். சிலர் பில்லின் பின்னால் பொடி எழுத்தில் "விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்று அச்சடித்திருப்பார்களாம். கையெழுத்துப் போடும் முன் அதை அடித்துவிடச் சொல்லலாம்.

இன்னொரு தீர்ப்பையும் சொன்னார். நம் திருவான்மியூர்ப் பக்கத்தை நடுங்க வைத்த ஆட்டோ சங்கரை யாரால் மறக்க முடியும்? அவன் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பில், பத்திரிகைக்கு உள்ள சுதந்திரத்தைச் சொன்ன நீதிபதிகள், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். கொலைகாரன் வழக்கிலிருந்து குடும்பப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு, பாருங்களேன்! பிறகு 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தார்கள். பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்றும் அதில் இருக்கிறது.

இந்த இரண்டையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம், பணம் கட்டிய ரசீதின் நகல், பதிவுத் தபால். மூன்றாம் நாள் பேனர் இறங்கிவிட்டது. செல்போன் விளம்பரத்திலிருந்தும் எடுத்தார்கள். அந்தப் பெண் மறுநாள் சாயங்காலமே நடக்கப் புறப்பட்டாள். இப்போது ஆண் குழந்தை, எட்டு மாதம்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று பாக்கியிருக்கிறது. 2015-ல் தமிழக அரசு பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அந்த மாதிரி அறையிலோ, ஜவுளிக்கடையில் உடை மாற்றும் அறையிலோ, குளியலறையிலோ ஒரு பெண்ணை மறைந்திருந்து படம் எடுப்பது குற்றம். 2013-லேயே வந்த சட்டம். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-வது பிரிவு. முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. மறுபடி செய்தால் மூன்றிலிருந்து ஏழு. அப்படிப்பட்ட படத்தை அவள் சம்மதத்தோடு எடுத்திருந்தாலும், அவள் சம்மதமில்லாமல் பிறருக்கு அனுப்பினால் அதுவும் இதே குற்றம்தான். "நீதானே எடுக்கச் சொன்னே" என்ற மிரட்டல் இங்கே செல்லாது.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பதறிப்போய் அழித்துவிடாதீர்கள். எந்த நம்பரிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பது தெரிகிற மாதிரி அப்படியே வைத்துக்கொண்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. ராத்திரியிலும் எடுப்பார்கள்.