தொடர் ஓவியங்கள்: மொனேயின் ரூவான் தேவாலயம்

ஓவியர் ஒருவர் ஒரே பொருளை மீண்டும் மீண்டும் பல ஓவியங்களாகத் தீட்டுவது தொடர் ஓவியம் எனப்படும். வேறு பொருள் கிடைக்காமையே இதற்குக் காரணம் எனக் கருதுதல் தவறாகும். பிரான்சிய மனப்பதிவுவாத ஓவியர் குளோட் மொனேயின் படைப்புகள் மூலம் இதனை விளங்கிக் கொள்ளலாம்.

மொனே 1892, 1893 ஆம் ஆண்டுகளில் ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை, எதிரேயிருந்த கட்டடங்களில் இருந்தவாறு வரைந்தார். ஒளி விரைவாக மாறியதால் பல கன்வஸ்களை அருகில் வைத்து, ஒளிக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார். பின்னர் சிவேர்னியிலுள்ள தமது கலைக்கூடத்தில் அவற்றை நிறைவு செய்தார. 30 இற்கு மேற்பட்ட ஓவியங்களுள் 20 ஓவியங்கள் 1895 இல் பரிஸ் நகரில் காட்சிப்படுத்தப்பட்டன.

தொடராகத் தீட்டுவதன் பயன்கள்:

1. பொருள் மாறாதிருப்பதால் ஒளி, வர்ண மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன. காலையில் நீலச்சாயலுடன் தோன்றும் அதே கல் முகப்பு, வெயிலில் பொன்னிறமாகிறது.
2. ஓர் ஓவியத்தில் எழும் வினாவுக்கு அடுத்த ஓவியத்தில் விடை தேட முடிகிறது.
3. தனியோர் ஓவியத்தில் அடங்காத காலமாற்றம், ஓவியங்களை ஒப்பிடும்போது புலப்படுகிறது.

கவனிக்க: விடையில் "தேவாலயத்தை வரைந்தார்" என்பதுடன் நிறுத்தாது, அவரது கருப்பொருள் கட்டடமன்று, அதன்மீது விழும் ஒளியே என்பதைக் காரணத்துடன் விளக்குக.