பழைய மரத் தளபாடங்களுக்குப் புதிய வர்ணம்

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அலுமாரியையும் கட்டிலையும் தலையில் சுமக்க எவராலும் முடியவில்லை. திரும்பி வந்தவர்களிற் பலர் கண்டது வெறும் சுவர்களைத்தான். இன்று பல வீடுகளில் இருப்பவை உறவினர் கொடுத்த அல்லது பழைய சாமான் கடையில் வாங்கிய தளபாடங்கள். அவற்றைக் குறைந்த செலவில் அழகுபடுத்தலாம். வர்ணம் பூசி, மூலைகளைத் தேய்த்து, பழைமைத் தோற்றம் கொடுக்கும் முறை இது.

முதலில் கவனிக்க வேண்டியவை

மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலான சத்தம் கேட்டால் உள்ளே கறையான் அரித்திருக்கலாம். புதிய மாத்தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்பகுதியை வெட்டி நீக்கி வேறு பலகை பொருத்துங்கள். தேக்கு, முதிரை போன்ற நல்ல மரமானால் வர்ணம் பூச வேண்டாம். துடைத்து மெழுகு பூசினாலே போதும். விற்க நேர்ந்தால் பெறுமதியும் குறையாது.

ஈயம்: பிள்ளைகளுக்கு ஆபத்து

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் வர்ணங்களின் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் தீங்கானது. ஆகவே பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, நெருப்பால் எரித்து நீக்கவோ கூடாது. நீரில் பாவிக்கும் கறுப்பு அரத்தாளை நனைத்து, வீட்டுக்கு வெளியே, சாக்கு விரித்துத் தேய்க்க வேண்டும். கழிவைப் பொலித்தீனில் கட்டி அகற்றுங்கள். கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். வேலை முடிந்ததும் கைகளைக் கழுவி, உடுப்பை மாற்றுங்கள்.

செய்யும் முறை

1. சவர்க்கார நீரால் அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் கழுவி, நன்கு உலர விடுங்கள்.
2. மேற்பரப்பு மினுக்கம் போகும்வரை ஈரமாகத் தேயுங்கள். வெடிப்புகளை மரத்தூளும் பலகைப் பசையும் குழைத்து அடையுங்கள்.
3. பிறைமர் ஒரு பூச்சு. உலர்ந்தபின் கடும் மண்ணிற எனாமல் ஒரு பூச்சு. ஒரு நாள் முழுவதும் காய விடுங்கள்.
4. கை படும் இடங்களான மூலை, விளிம்பு, லாச்சிப் பிடி ஆகியவற்றில் மட்டும் மெழுகுதிரியை உரசுங்கள். மெழுகுள்ள இடத்தில் அடுத்த பூச்சு இறுகப் பற்றாது.
5. வெளிர் நிற எனாமலை மெல்லியதாகப் பூசுங்கள்.
6. இரண்டு நாள் கழித்து, மெழுகு தேய்த்த இடங்களை மெதுவாக உரசுங்கள். மேற்பூச்சு உரிந்து மண்ணிறம் தெரியும். அத்துடன் நிறுத்துங்கள்; ஆழமாகத் தேய்த்தால் பழைய வர்ணம் வெளிப்பட்டுவிடும்.
7. ஒரு வாரத்தின் பின் தேன்மெழுகைத் துணியால் தேய்த்து மினுக்குங்கள்.

லின்சீட் எண்ணெய் பாவித்தால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஓலை வீடுகளில் இது பெரும் ஆபத்து. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

முதன்முறை செய்வோர் ஒரு சிறு வாங்கிலோ கதிரையிலோ தொடங்குங்கள். கை பழகியதும் அலுமாரிக்குப் போகலாம். அயலவர் தளபாடங்களையும் செய்து கொடுத்தால், வயல் வேலை இல்லாத மாதங்களில் அது ஒரு சிறு வருமானமாகும்.