விடுமுறைப் பயணமும் வீதி மரணங்களும்
வீதியில் நேர்வது விதியா?

யூலை மாதத்தின் கடைசி நாட்களில் பிரான்ஸ் தேசம் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வீதிக்கு வந்துவிடுகிறது. யூலையில் விடுமுறை கழித்தோர் திரும்பி வருவதும், ஓகஸ்ட் விடுமுறைக்காரர் புறப்பட்டுச் செல்வதும் ஒரே வார இறுதியில் நிகழ்வதால், பாரிஸிலிருந்து லியோன் வழியாக மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் எறும்பு வரிசைபோல் ஊர்கின்றன. "பெரும் புறப்பாடு" என்று பிரெஞ்சு மக்கள் இதனை அழைப்பர்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1936ஆம் ஆண்டில் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. 1956இல் மூன்றாவது வாரமும், 1969இல் நான்காவது வாரமும், 1982இல் ஐந்தாவது வாரமும் சேர்ந்தன. உழைப்பவனுக்கு ஓய்வு கிடைத்தது பெரும் பேறு. ஆனால் அந்த ஓய்வை நாடிப் புறப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் போய்ச் சேரவேயில்லை. யூலையும் ஓகஸ்டும் இந்நாட்டின் வீதி மரணங்கள் மிகுந்த மாதங்களுள் அடங்குகின்றன என்பது ஆண்டுதோறும் நினைவூட்டப்பட வேண்டிய செய்தியாகும்.

தரையில் கிடந்த ஒரு நகரம்

1972ஆம் ஆண்டில் பிரெஞ்சு வீதிகளில் மாண்டோர் தொகை 16,500க்கும் அதிகம். அந்த எண்ணின் பாரத்தைச் சாதாரண மக்களுக்கு எவ்வாறு உணர்த்துவது? தென்பகுதியிலுள்ள மஸமே என்னும் சிறு நகரத்தின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதேயளவாக இருந்தது. 1973 மே மாதத்தில் ஒரு நாள், அந்நகரத்து மக்கள் வீடுகளையும் கடைகளையும் பள்ளிக்கூடங்களையும் விட்டு வெளியே வந்து, வீதிகளிலே பிணங்கள்போற் சாய்ந்து கிடந்தனர். தொலைக்காட்சி அதனைப் படம்பிடித்து நாடெங்கும் காட்டியது. ஓராண்டில் ஒரு முழு நகரமே அழிந்துபோகிறது என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர்.

அதற்கு முன்பே, 1972இல், வீதிப் பாதுகாப்புக்கென அமைச்சுகள் அனைத்தையும் இணைக்கும் பொறுப்பதிகாரியாகக் கிறிஸ்தியான் ஜெரோந்தோ நியமிக்கப்பட்டிருந்தார். 1973இல் நகரங்களுக்கு வெளியே முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிவது கட்டாயமாயிற்று. மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. வேகத்துக்கும் எல்லை வகுக்கப்பட்டது. 1974 முதல் நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீற்றர், ஏனைய வெளிப்புற வீதிகளில் 90 கிலோமீற்றர் என்பது விதியாயிற்று. "எனது கார், எனது சுதந்திரம்" என்று வாதிட்டோர் அன்று பலர் இருந்தனர். ஆயினும் மரண எண்ணிக்கை உடனேயே குறையத் தொடங்கியது.

போக்குவரத்து நெரிசலுக்கும் அக்காலத்திலேயே மருந்து தேடப்பட்டது. 1975 ஓகஸ்டின் முதற் சனிக்கிழமை, நாடு முழுவதும் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீளத்துக்கு வாகனங்கள் தேங்கி நின்றன. மறு ஆண்டே "பிஸோன் பியூத்தே" என்னும் பயண ஆலோசனைச் சேவை உருவானது. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நாட்களுக்கு நிறம் தீட்டி, எந்நாளிற் புறப்படலாம், எந்நாளைத் தவிர்க்க வேண்டும் என்று இன்றும் அது சொல்லி வருகிறது.

போன் நகருக்கு அருகே

விடுமுறைப் பயணத்தின் வரலாற்றில் மறக்கவியலாத இரவு ஒன்றுண்டு. 1982 யூலை 31ஆந் திகதி அதிகாலை. பாரிஸுக்கு வடக்கேயுள்ள கிறெப்பி-ஓன்-வலுவாவிலிருந்து சவுவா மலைப்பகுதியின் விடுமுறை முகாமொன்றுக்குச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற பஸ்கள் ஏ-6 நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. மழை பெய்திருந்தது. போன் நகருக்கு அண்மையில் பாதை ஒடுங்கும் இடத்தில் முன்னே சென்ற வாகனங்களின் வேகம் தணிந்தது. பின்னால் வந்த பஸ்ஸினால் உரிய நேரத்தில் நிறுத்த முடியவில்லை. மோதலைத் தொடர்ந்து தீ மூண்டது. இரண்டு பஸ்களும் கார்களும் எரிந்தன. 53 பேர் மாண்டனர். அவர்களுள் 44 பேர் சிறுவர்கள். பிரான்ஸின் வீதி வரலாற்றில் இதனை விஞ்சிய விபத்து இன்றுவரை நிகழவில்லை.

இரவுப் பயணம், மழை, நெரிசல், போதாத இடைவெளி, வேகம் ஆகிய ஐந்தும் ஓரிடத்தில் சந்தித்ததால் விளைந்த அழிவு அது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரண விடயம். அன்று வீதியிலிருந்த ஆயிரக்கணக்கான வாகனங்கள் அதே மழையில், அதே இரவில், அதே நெரிசலிலேதான் ஓடின. இந்த உண்மையே அச்சம் தருவதாகும்.

அவ்விபத்தின் பின்னர், பெரும் புறப்பாட்டுக் காலத்தில் குறித்த ஒரு சனிக்கிழமையன்று சிறுவர்களைக் கூட்டமாக பஸ்களில் நெடுந்தூரம் ஏற்றிச் செல்வது தடைசெய்யப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாள் அரசினால் அறிவிக்கப்படுகிறது. மழை வேளையில் நெடுஞ்சாலை வேகம் 110 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டதும் அதன் பின்னரே. 2015 செப்டெம்பர் முதல் எல்லாத் தூரப் பயண பஸ்களிலும் ஆசனப்பட்டியும், சாரதி மது அருந்தியிருந்தால் இயந்திரத்தை இயங்கவிடாத கருவியும் இருத்தல் வேண்டும். ஆயினும் அதற்கு அடுத்த மாதமே, ஒக்டோபர் 23ஆந் திகதி, போர்தோ நகருக்குக் கிழக்கேயுள்ள புயிஸ்கானில் முதியோர் சுற்றுலா பஸ் ஒன்றும் லொறியொன்றும் மோதித் தீப்பிடித்ததில் 43 பேர் உயிரிழந்தனர். பாடங்கள் கற்கப்படுகின்றன, ஆனால் கற்று முடிவதில்லை.

குறைந்தது எவ்வாறு?

1992 யூலையில் புள்ளி முறையிலான சாரதி அனுமதிப்பத்திரம் நடைமுறைக்கு வந்தபோது லொறிச் சாரதிகள் நாடெங்கும் வீதிகளை மறித்தனர். விடுமுறைக்குப் புறப்பட்டோர் நடுவழியில் அகப்பட்டுத் தவித்தனர். அரசு பின்வாங்கவில்லை. 1995இல் இரத்தத்தில் மதுசாரத்தின் எல்லை லீற்றருக்கு 0.5 கிராமாகக் குறைக்கப்பட்டது.

2002 யூலை 14, தேசிய தினத்தன்று, அப்போதைய சனாதிபதி ஜாக் சிராக் வீதிப் பாதுகாப்பைத் தமது ஆட்சிக்காலத்தின் மூன்று பெரும் பணிகளுள் ஒன்றாக அறிவித்தார். அவ்வாண்டில் 7,200க்கும் மேற்பட்டோர் வீதியில் மாண்டிருந்தனர். மறு ஆண்டில் அத்தொகை 1,500 அளவில் குறைந்தது. இதிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வேகத்தைப் படம்பிடிக்கும் முதலாவது தானியங்கிக் கமரா நாட்டப்பட்டதே 2003 ஒக்டோபர் இறுதியில்தான். அஃதாவது, கமரா வருமுன்னரே சாரதிகள் வேகத்தைக் குறைத்துவிட்டனர். இனிமேல் தப்ப முடியாது என்ற எண்ணமே அதற்குப் போதுமாயிருந்தது.

2023ஆம் ஆண்டில் பிரான்ஸின் ஐரோப்பிய நிலப்பகுதியில் வீதி மரணங்கள் 3,167. வாகனத் தொகை 1972இலும் பார்க்க இரட்டிப்புக்கு மேலாகிய பின்னரும், மாண்டோர் தொகை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. வீதியில் சாவது விதியானால், விதியும் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது! ஆனால் 2013 முதல் இந்த இறக்கம் ஏறத்தாழ நின்றுபோயுள்ளது. பெருந்தொற்றினால் மக்கள் வீட்டில் முடங்கிய காலத்தை நீக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு 3,200 என்ற அளவைச் சுற்றியே எண்ணிக்கை நிற்கிறது. மாண்டோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஆண்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு மரணத்தில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது.

எந்த வீதி ஆபத்தானது?

நெடுஞ்சாலைதான் ஆபத்தானது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மை வேறு. மொத்த மரணங்களிற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே நெடுஞ்சாலைகளில் நிகழ்கின்றன. ஏறத்தாழ அறுபது வீதமானவை நகரங்களுக்கு வெளியேயுள்ள சாதாரண வீதிகளில், நடுவே தடுப்பில்லாத இருவழிப் பாதைகளிலே நேர்கின்றன. எதிரே வரும் வாகனத்துக்கும் நமக்கும் இடையில் ஒரு வெள்ளைக்கோடு மட்டுமே இருக்கிறது. இதனாலேயே 2018 யூலை முதல் அவ்வீதிகளின் வேகம் 80 கிலோமீற்றராக்கப்பட்டது. பின்னர் 2019 இறுதியில் வந்த சட்டம், விரும்பிய மாவட்டங்கள் 90க்குத் திரும்ப இடமளித்தது.

ஆகவே, எண்ணூறு கிலோமீற்றரை நெடுஞ்சாலையிற் கவனத்தோடு ஓடி முடித்தவர், கடைசி முப்பது கிலோமீற்றரைக் கிராமத்து வளைவுப் பாதையில் களைப்போடு ஓடும்போதுதான் பெரும் ஆபத்துக்கு உள்ளாகிறார். வாகனங்கள் நகரமுடியாமல் நிற்கும் "கறுப்புச் சனி"யைக் காட்டிலும், பாதை திறந்து கிடக்கும் இரவு கொடியது.

நெடுஞ்சாலையில் நிகழும் மரணங்களுக்கு முதன்மைக் காரணம் தூக்க மயக்கம். தொடர்ந்து 17 மணித்தியாலங்கள் விழித்திருப்பவரின் நிலை, இரத்தத்தில் 0.5 கிராம் மதுசாரம் உள்ளவரின் நிலையை ஒத்தது என்று வீதிப் பாதுகாப்புத் துறையினர் கூறுகின்றனர். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் விநாடிக்கு 36 மீற்றர் ஓடுகிறது. நான்கு விநாடி கண் அயர்ந்தால், சாரதியில்லாத வாகனம் 140 மீற்றருக்கு மேல் ஓடிவிடும்.

எம்மவர் பயணங்கள்

இங்கேதான் இவ்விடயம் எமது சமூகத்தின் வாசலுக்கு வருகிறது. கோடை என்பது எமக்கும் பயண காலம். ஜேர்மனியின் ஹம் நகர்க் காமாட்சி அம்பாள் ஆலயத் திருவிழாவுக்கும், பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத் தேருக்கும் நாடு கடந்து மக்கள் வருகின்றனர். லண்டனில் ஒரு கல்யாணம், சுவிஸில் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்றால் குடும்பம் குடும்பமாக வாகனம் புறப்படும். உறவுகள் ஐந்து நாடுகளிற் சிதறிக் கிடக்கும் ஓர் இனத்துக்கு, நெடுஞ்சாலையே ஊர் ஒழுங்கையாகிவிட்டது.

புறப்படும் நேரத்தைப் பாருங்கள். உணவகச் சமையலறையில் காலை முதல் நின்று, இரவு பதினொரு மணிக்கு வேலை முடித்து, குளித்து உடைமாற்றி, நள்ளிரவில் வாகனத்தில் ஏறுகின்றார் குடும்பத் தலைவர். "பிள்ளைகள் நித்திரை கொள்ளுவினம், வீதியும் வெறுமையாய் இருக்கும், விடிய முன்னம் போய்ச் சேரலாம்" என்பது கணக்கு. அந்தக் கணக்கில் அவருடைய பதினேழு மணித்தியாலம் சேர்க்கப்படவில்லை. உடல் மிகவும் சோரும் நேரம் அதிகாலை இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டது. அவர் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நேரமும் அதுவே. விடுமுறை எடுக்க முடியாத தொழிலும், ஒரு நாள் சம்பளத்தை இழக்க முடியாத நிலையும் அவரை இவ்வாறு ஓட வைக்கின்றன என்பதை யாம் அறிவோம். ஆயினும் நான்கு மணித்தியாலம் உறங்கிவிட்டு விடியலிற் புறப்படுவதால் இழப்பது ஒரு காலைப்பொழுது மாத்திரமே.

பக்கம் மாறும் ஆபத்தும் எமக்கு உண்டு. இலங்கையில் இடப்பக்கமாக ஓட்டிப் பழகியவர் இங்கு வலப்பக்கம் ஓட்டுகிறார்; பிரித்தானியாவுக்குச் சென்றால் மீண்டும் இடப்பக்கம். நெரிசலில் இது பிழைப்பதில்லை, முன்னே செல்லும் வாகனம் வழிகாட்டும். எரிபொருள் நிலையத்திலிருந்து வெறும் வீதிக்குத் திரும்பும் கணத்திலேதான் பழைய பழக்கம் தலைதூக்கும். பக்கத்தில் இருப்பவர் அவ்வேளையில் விழித்திருந்து நினைவூட்டுவது நன்று.

ஆசனங்களை விஞ்சி ஆட்களை ஏற்றுவதும், கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பதும் இன்னும் முற்றாக ஒழிந்த வழக்கங்கள் அல்ல. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை தனக்குரிய ஆசனத்திற் கட்டப்பட்டிருத்தல் இங்கு சட்டம். தாயின் அணைப்பு எத்துணை இறுக்கமானதாயினும், மோதலின் விசைக்கு முன் அது நில்லாது.

விபத்து நேர்ந்துவிட்டால்

நெடுஞ்சாலையில் வாகனம் பழுதடைந்தால் ஒளிரும் மேலங்கியை அணிந்து, எல்லோரும் இறங்கித் தடுப்பு வேலிக்கு அப்பாற் சென்று நிற்க வேண்டும். வாகனத்தினுள்ளே காத்திருத்தல் ஆகாது. ஓரத்திலுள்ள செம்மஞ்சள் நிறத் தொலைபேசிப் பெட்டியிலிருந்தோ, 112 என்ற இலக்கத்திலோ உதவி கோரலாம். 112 ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் பொதுவானது.

எம்மவரிற் பலர் அறியாத சட்டமொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். 1985 யூலை 5ஆந் திகதிய சட்டம், அதனைக் கொணர்ந்த நீதி அமைச்சரின் பெயரால் "பதந்தேர் சட்டம்" எனப்படுகிறது. இதன்படி, வாகன விபத்திற் காயமுற்ற பயணிக்கும் பாதசாரிக்கும் சைக்கிளோட்டிக்கும், மன்னிக்கவியலாத தவறு அவர்களுடையதாய் இருந்தாலன்றி, நட்டஈடு உரியது. ஓட்டியவர் மைத்துனராகவோ அண்ணனாகவோ இருப்பினும் உரிமை மாறாது. "சொந்தக்காரன் மேல் எப்படி வழக்குப் போடுவது?" என்று தயங்குவோர் உளர். கொடுக்க வேண்டியது உறவினரின் சட்டைப்பையல்ல, காப்புறுதி நிறுவனமே. விபத்து நிகழ்ந்து எட்டு மாதங்களுக்குள் அந்நிறுவனம் தன் நட்டஈட்டு முன்மொழிவைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. காப்புறுதி இல்லாத வாகனமாயின் அரசு ஏற்படுத்திய உத்தரவாத நிதியம் ஈடுசெய்யும். ஆனால் பின்னர் அத்தொகையை அது சாரதியிடமே அறவிடும். இரவல் வாகனத்தில் நெடும்பயணம் புறப்படுமுன், மற்றவர் ஓட்டுவதற்கு அதன் காப்புறுதி இடமளிக்கிறதா என்று பார்ப்பது எத்துணை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

போரையும் கடலையும் காட்டையும் கடந்து, எத்தனையோ எல்லைகளில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் யாம். அவ்வாறு காத்த உயிரை ஒரு தூக்கக் கலக்கத்துக்கும், ஒரு கிண்ண மதுவுக்கும், அரை மணிநேர அவசரத்துக்கும் கொடுத்துவிடலாமா? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வாகனத்தை நிறுத்துங்கள். முன்வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையில் நெடுஞ்சாலை ஓரத்து வெள்ளைக்கோடுகள் இரண்டாவது தெரியட்டும். கண் கனத்தால், கூச்சப்படாது சக்கரத்தை மற்றவரிடம் கொடுங்கள். கொடுக்க ஆளில்லையேல் நிறுத்தி உறங்குங்கள். தேர் இழுக்கும் நேரத்துக்குச் சற்றுப் பிந்திப் போனாலும் அம்பாள் கோபிக்கமாட்டாள்.