ஒரே ஜீன், இரண்டு முகங்கள்

செயல்படாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. ஓயாமல் செயல்பட்டால் புற்றுநோய்க்குத் துணை. ஒரு என்ஸைமின் கதை.

எட்டு வயதுச் சிறுவன். ரத்தத்தில் கிருமி பரவி அடிக்கடி கடும் காய்ச்சல். மருந்து கொடுத்தால் குணமாகும். சில காலத்தில் மறுபடி வரும். வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் ஆக்டன் புரூட்டன் அவன் ரத்தத்தைச் சோதித்தார். கிருமிகளை எதிர்க்கும் காமா குளோபுலின் அதில் அறவே இல்லை. ஊசி மூலம் அதைச் செலுத்த, பையன் தேறினான். 1952-ல் புரூட்டன் இதை எழுதி வெளியிட்டார்.

அது ஏன் இல்லை என்று தெரிய 41 ஆண்டுகள் ஆயின. நோய் தாக்குவது பெரும்பாலும் ஆண் குழந்தைகளை. எனவே கோளாறு எக்ஸ் குரோமோசோமில் என்று முன்பே ஊகித்திருந்தார்கள். 1993 ஜனவரியில் இரண்டு குழுக்கள் இரு வழிகளில் ஒரே ஜீனை எட்டின. லண்டனில் டேவிட் வெட்ரி குழு, குரோமோசோமில் நோய்க்குரிய பகுதியைச் சலித்துத் தேடியது. லாஸ் ஏஞ்சலிஸில் ஓவன் விட்டே குழு, ரத்த செல்களில் சமிக்ஞை கடத்தும் என்ஸைம்களைத் தேடியது. கிடைத்த என்ஸைமுக்கு புரூட்டன் நினைவாக 'புரூட்டன் டைரோஸின் கைனேஸ்' என்று பெயர், சுருக்கமாக பி.டி.கே.

இது 659 அமினோ அமிலங்கள் கோர்த்த புரதம். பி செல்லின் மேற்பரப்புக்கு வரும் தகவலை உள்ளே அஞ்சல்காரர்போல் கொண்டுசேர்க்கிறது. ஜீனில் ஓர் எழுத்து பிழையானாலும் அஞ்சல் நின்றுபோகலாம். எலும்பு மஜ்ஜையில் பி செல் முதிர்வதில்லை. எதிர்ப்புப் புரதமும் உருவாவதில்லை.

மறுபக்கம் வேறு கதை. சிலவகை ரத்தப் புற்றுநோய்களில் பி செல்கள் பிழைத்திருக்க இதே அஞ்சல்தான் உதவுகிறது. அதை மறித்தால்? என்ஸைமின் 481-வது அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் இப்ருடினிப் மாத்திரைக்கு 2013-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஊசி மருந்துகளையே நம்பியிருந்த பல நோயாளிகளுக்கு மாத்திரை போதும் என்றானது.

ஜீனைக் காட்டிக்கொடுத்த குழந்தைகளுக்கோ வைத்தியம் பெரிதாக மாறவில்லை. தானமாகக் கிடைக்கும் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினை, பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்றியாக வேண்டும். எடை கூடக்கூட அளவும் செலவும் கூடும்.

ஆனால் ஜீன் தெரிந்ததால் நோயை உறுதிசெய்ய முடிகிறது. சண்டீகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் இதற்கான பரிசோதனை நடக்கிறது. பழுதான ஜீனைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. இதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

ஆறு மாதம் தாண்டிய ஆண் குழந்தைக்கு நிமோனியாவும் காதில் சீழும் திரும்பத் திரும்ப வருகிறதா? தாய்மாமன் யாராவது சிறுவயதில் தொற்றுநோயில் இறந்ததுண்டா? ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் போலியோ சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டும்; அதிலுள்ள உயிருள்ள வைரஸே இவர்களுக்கு ஆபத்தாகலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால், நுரையீரல் கெடுவதற்குள் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.