வசனம் கேட்கவில்லையா? வால்யூமைத் தொடாதீர்கள்!

வசனம் வந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து ஜன்னல் அதிர, பதறிப்போய்க் குறைக்கிறோம். ஹோம் தியேட்டர் உள்ள பல வீடுகளில் இது தினப்படிக் கூத்து. பழி ஸ்பீக்கர்மீது விழும். பெரும்பாலும் கோளாறு ப்ரீஆம்ப்ளிஃபையரில், வாங்கிய நாளிலிருந்து யாரும் திறக்காத ‘ஸ்பீக்கர் செட்டப்’ மெனுவில்தான்.

ஸ்பீக்கருக்குச் சக்தி தருவது பவர் ஆம்ப்ளிஃபையர். எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு, எவ்வளவு, எப்போது போகவேண்டும் என்று முடிவு செய்வது ப்ரீஆம்ப். ஏ.வி. ரிசீவரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ப்ரீஆம்ப் தனியாக இருந்தாலும் ரிசீவருக்குள் இருந்தாலும் மெனு ஏறக்குறைய ஒன்றேதான்.

முதலில் ‘ஸ்மால்’, ‘லார்ஜ்’ தேர்வு. ஸ்பீக்கரின் உயரத்தைப் பார்த்து ‘லார்ஜ்’ கொடுப்பவர்கள் உண்டு. மெனு கேட்பது உயரத்தை அல்ல. பேஸ் ஒலியை அந்த ஸ்பீக்கரே சுமக்குமா, சப்வூஃபருக்குத் தள்ளிவிடலாமா என்பதைத்தான். சப்வூஃபர் இருந்தால் ‘ஸ்மால்’ வைத்து, பேஸ் பிரிந்து போகும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஒலித் தரத்துக்குச் சான்று தரும் டி.ஹெச்.எக்ஸ். நிறுவனம் பரிந்துரைப்பதும் அதையே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் பிடிபடாது.

அடுத்து தூரம். உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளந்து பதியுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 3 மில்லி விநாடி ஆகும். முன் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டரிலும் இருந்தால், பின்னதன் ஒலி நாலரை மில்லி விநாடி முந்திவிடும். ப்ரீஆம்ப் அதை அவ்வளவு நேரம் நிறுத்திவைத்து அனுப்பும்.

மூன்றாவது லெவல். வசனப் பிரச்னை தீருமிடம் இதுதான். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில் வருகிறது. ‘டெஸ்ட் டோனை’ ஓடவிட்டு, சவுண்ட் மீட்டரை இருக்கையில் காது உயரத்தில் பிடித்து, எல்லா ஸ்பீக்கரையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் பேச்சு மங்கினால் சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றலாம். ஆடிஸி, டிராக் போன்ற வசதி இருந்தால் மைக் வைத்துக் கருவியே இவற்றை அளந்துகொள்ளும். ஆனாலும் அது பதிந்த எண்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்படி அளந்த பிறகுதான் வால்யூம் எண்ணுக்கே அர்த்தம் வருகிறது. திரையில் தெரியும் 0, தியேட்டருக்கென வகுத்த ஒலி அளவு. -20, -25 எல்லாம் அதிலிருந்து எத்தனை டெசிபல் கீழே என்பதன் கணக்கு. 10 டெசிபல் குறைத்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தெரியும். வீட்டு ஹாலுக்கு 0 தேவையே இல்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு படம் பார்க்க ‘நைட் மோட்’ இருக்கிறது. அது வெடிச் சத்தத்தை அமுக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். உதட்டசைவுக்கு முன்பே குரல் வந்தால், டி.வி. படத்தைச் செப்பனிட நேரம் எடுக்கிறது என்று பொருள். ‘லிப் சிங்க்’கில் ஒலியை உதட்டசைவோடு பொருந்தும்வரை தாமதப்படுத்துங்கள்.

சோபாவையோ ஸ்பீக்கரையோ நகர்த்தினால் தூரத்தையும் லெவலையும் மறுபடி அளக்க வேண்டும். மற்ற நாட்களில் செட்டப் மெனு பக்கம் போகவே வேண்டாம்.