கடைசித் தேதியும் கம்ப்யூட்டர் நெரிசலும்

மாதம் 20-ந் தேதி நெருங்கினால் காதர்பேட்டை பனியன் கடை முதல் பலசரக்குக் கடை வரை நமக்கெல்லாம் ஒரே கவலை, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல். 3பி படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி ஏதும் இல்லாதவருக்கு 20 ரூபாய். வரிப் பாக்கிக்கு 18 சதவீத வட்டி வேறு. நாடு முழுவதும் ஒரே நாளில் நுழையும் கூட்டத்தை இணையதளங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

பெரிய தளம் எதுவும் ஒரே கம்ப்யூட்டரை நம்பி இயங்குவதில்லை. பின்னால் பல சர்வர்கள் இருக்கும். வருகிறவர்களை அவற்றுக்குப் பிரித்து அனுப்புவது 'லோடு பேலன்சர்'. குடோன் வாசலில் லாரிகளைப் பிரித்து அனுப்பும் மேஸ்திரி என்று வைத்துக் கொள்வோம்.

நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் அடுக்கில் நிற்கும் மேஸ்திரி லாரி எங்கிருந்து வந்தது, எந்த வாசலுக்கு என்பதை மட்டும் பார்ப்பார். உள்ளே என்ன சரக்கு என்று கேட்க மாட்டார். அதனால் வேலை வேகமாக நடக்கும்.

ஏழாம் அடுக்கு மேஸ்திரி பில்லைப் பிரித்துப் படிப்பார். அரிசி இந்தக் குடோனுக்கு, எண்ணெய் அந்தக் குடோனுக்கு என்பதுபோல், பில் பதிவேற்றம் ஒரு சர்வருக்கும் பணம் கட்டுதல் வேறொன்றுக்கும் போகும். பூட்டி வரும் தகவலைத் திறந்து பார்க்க வேண்டியிருப்பதால் இவருக்கு வேலை அதிகம். பெரிய தளங்களில் இரு வகையும் சேர்ந்தே இருப்பதுண்டு. படுத்துவிட்ட சர்வருக்கு ஆள் அனுப்பாமல் இருப்பதும் இவர்கள் பொறுப்பு.

ஆனால் எல்லாக் குடோனும் நிறைந்துவிட்டால் மேஸ்திரி என்ன செய்வார்? 2025 ஜனவரியில் ஜி.எஸ்.டி. தளம் தடுமாறியபோது, ஆர்-1 படிவத்திற்கான கடைசி நாள் 11-லிருந்து 13-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், 3பி தாக்கலை 20, 22, 24 என மூன்று தேதிகளாக அரசு பிரித்தது. இன்றும் காலாண்டுக் கணக்கு தருவோருக்குத் தமிழ்நாட்டில் 22-ந் தேதி, வேறு பல மாநிலங்களில் 24-ந் தேதி. இதுவும் சுமைப் பகிர்வுதான். சர்வர்களுக்குப் பதில் நாட்களுக்குப் பிரித்திருக்கிறார்கள்.

மூன்றாவது பகிர்வு நம் கையில் இருக்கிறது. நாம் ஆர்-1 தாக்கல் செய்யத் தவறினால் நம்மிடம் சரக்கு வாங்கியவருக்கு அந்த மாதம் வரி வரவு கிடைக்காது. அடுத்த ஆர்டருக்கு அவர் வேறு கடையைப் பார்ப்பார். எனவே கடைசி நாள் வரை காத்திராமல், நான்கு நாள் முன்னதாகவே வேலையை முடித்துவிடுவோம்.